முகத்துக்குக் கூலி

என் இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு பழைய தீக்காயத் தழும்பு இருக்கிறது. 2013-இல் வந்தது. அப்போது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். கைச்செலவுக்கு வளாகத்து டைனிங் ஹாலில் வேலை. தட்டு கழுவுவது, ட்ரே அடுக்குவது, ஆள் குறைந்த நாட்களில் அடுப்படியில் உதவிக்கு நிற்பது. அன்று சனிக்கிழமை. ஊரில் ஃபுட்பால் மேட்ச். காலையிலிருந்தே கூட்டம். அவசரத்தில் ஓவனிலிருந்து இழுத்த ட்ரே கையில் பட்டுவிட்டது.

பெரிய காயமெல்லாம் இல்லை. குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். சூப்பர்வைசர் விடவில்லை. பெஞ்சில் உட்காரவைத்து ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். வேலை நேரத்தில் அடிபட்டவர்கள் எழுத வேண்டிய படிவம். முதல் கட்டத்தில் பணியாளரின் பெயர். அடுத்ததில் என்ன வேலை. பிறகு எத்தனை மணிக்கு, எப்படி. டாக்டர் செலவு ஒரு டாலர்கூட என் பாக்கெட்டிலிருந்து போகவில்லை. ராத்திரி ரூமில் இதைச் சொன்னபோது மதுரைக்கார நண்பன் சிரித்தான். “மச்சி, தட்டு கழுவுறவனுக்கு இங்க இவ்ளோ மரியாதையாடா?”

அதே சனிக்கிழமை, டைனிங் ஹாலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், என்னைவிட நாலைந்து வயது சின்னப் பையன்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஒருவர் மீது ஒருவர் மோதி விழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தாலும் அந்தப் படிவம் கிடைத்திருக்காது. அவன் பணியாளன் இல்லை. இது எனக்கு அன்று தெரியாது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த நாளிலிருந்து இந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம்.

கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாமா என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 2021-இல் “சம்பாதிக்கலாம்” என்று முடிவானது. நானும் சந்தோஷப்பட்டேன். இப்போதும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதில் வேறொரு கேள்வியை ஓசையில்லாமல் மூடிவைத்துவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் நம்ம ஊர் இன்டர்-காலேஜ் மேட்சை நினைத்துக்கொள்ள வேண்டாம். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரை ஒளிபரப்ப சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பாதியில் நீக்கியது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஆண்டுகளுக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

இந்த உலகத்தை ஆள்வது என்சிஏஏ என்ற அமைப்பு. அதன் விதிப்படி வீரர்களுக்கு உதவித்தொகை உண்டு. படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். தனியார் பல்கலைக்கழகங்களில் இதன் மதிப்பு சாதாரணமானதல்ல. ஆனால் தன் பெயரையோ முகத்தையோ வைத்து வெளியே ஒரு டாலர் சம்பாதித்தாலும் 2021 வரை அது குற்றமாக இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டாட் கர்லி 2014-இல் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டதற்காக நான்கு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டி லா ஹே யூடியூப் சேனல் நடத்திக் காசு பார்த்தார். சேனலா, விளையாட்டா என்ற நிலை வந்தது. 2017-இல் அணியில் இடத்தை இழந்தார்.

அதே காலத்தில் மற்றவர்கள் எல்லோரும் அந்த முகங்களை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

எட் ஓபேனன் 1995-இல் யூசிஎல்ஏ அணிக்காகக் கூடைப்பந்துச் சாம்பியன் பட்டம் வென்றவர். பிறகு லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் நண்பர் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்த வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே அணி, அதே 31-ஆம் எண், அதே உயரம், அதே நிறம், அதே இடதுகை ஷாட். பெயர் மட்டும் இல்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்ததாம். பிறகுதான், இந்த கேமை யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், அந்தக் காசில் தனக்கு எதுவும் வரவில்லை என்று உறைத்திருக்கிறது. 2009-இல் வழக்குப் போட்டார்.

சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவனாக இந்தக் கதை என்னை வேறு மாதிரித் தொடுகிறது. அந்த கேமை உருவாக்கிய இடத்தில் ஒரு டேபிள் இருந்திருக்கும். உயரம், எடை, எண், எந்தக் கை, எவ்வளவு வேகம், எத்தனை தூரத்திலிருந்து ஷாட் போடுவார் என்று வரிசையாக காலம்கள். எல்லாவற்றிலும் தகவல் நிரம்பியிருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. நாங்களும் இப்படிச் செய்வதுண்டு. வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு, இனி இது யாருடைய தகவலும் அல்ல என்று நினைத்துக்கொள்வோம். பெயரை எடுத்துவிட்டால் ஆளையும் எடுத்துவிட்டோம் என்பது எங்கள் தொழிலில் நாங்களே நம்ப விரும்பும் ஒரு பொய்.

அந்தப் பொய் ஒருமுறை பகிரங்கமாகவே உடைந்தது. 2013 ஆகஸ்டில் கூடைப்பந்து வர்ணனையாளர் ஜே பிலஸ், என்சிஏஏ-வின் ஆன்லைன் கடையில் போய் ஜானி மன்சியெல் என்ற ஃபுட்பால் வீரரின் பெயரைத் தேடினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் 2-ஆம் எண் சட்டைகள் வந்து நின்றன. சட்டையில் பெயர் கிடையாது. அதில் இருப்பது வெறும் எண், அது எந்த வீரரையும் குறிக்கவில்லை என்பதுதான் அதுவரை சொல்லப்பட்டுவந்த நியாயம். ஆனால் அந்தத் தேடுபெட்டிக்கு யார் அந்த 2-ஆம் எண் என்று தெரிந்திருந்தது. எவரோ ஒரு எஞ்சினியர் உட்கார்ந்து அந்தப் பெயரையும் அந்தச் சட்டையையும் இணைத்திருக்கிறார். பிலஸ் இதை ட்விட்டரில் போட்டதும் தேடுபெட்டி காணாமல் போனது. சில நாட்களில் கடையே அந்த வியாபாரத்தை நிறுத்தியது. அதே மாதம், கையெழுத்து விவகாரம் ஒன்றில் மன்சியெல்லை முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் உட்காரவைத்தார்கள். அவர் பெயர் அவர்கள் விற்றால் சரக்கு. அவரே விற்றால் ஒழுங்கீனம்.

*

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதமும் இருக்கிறது. பேராசைக்காரர்களின் சாக்கு என்று அதைத் தள்ளிவிடுவது நேர்மையாக இருக்காது.

சில செயல்கள் காசு தொட்டதும் உருமாறிவிடும். ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1970-இல் ரத்த தானம் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். ரத்தத்துக்கு விலை வைத்தால் தானம் என்ற உறவு அரிக்கப்படும் என்பது அவர் வாதம். விளையாட்டும் அப்படித்தான் என்கிறார்கள். பதினெட்டு வயதில் ஒரு பையன் கல்லூரிக்காக, கூட ஆடுபவர்களுக்காக, ஆட்டத்தின் மீதுள்ள பிரியத்துக்காக ஆடுகிறான். அதில் ஒரு அழகு இருக்கிறது. அவன் கையில் ஒப்பந்தத்தைக் கொடுத்தால் அந்த அழகு போய்விடாதா?

போகலாம். நான் மறுக்கவில்லை. நானே வார இறுதிகளில் சில ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்குக் காசு வாங்காமல் கோட் எழுதுகிறேன். அதில் கிடைக்கும் நிம்மதி ஆபீஸ் வேலையில் கிடைப்பதில்லை. ஆனால் காசு வேண்டாம் என்பது என் முடிவு. நாளைக்கே ஒரு நிறுவனம் அதே வேலைக்குச் சம்பளம் தந்தால் வாங்கிக்கொள்வேன், யாரும் தடை போட முடியாது. பிரியம் நானாகக் கொடுப்பது. அதையே எனக்கு விதியாகப் போட்டால் அதற்குப் பெயர் வேறு.

கோயில் அன்னதானத்தில் சமைக்க வருகிறவர் கூலி வேண்டாம் என்று சொல்லலாம். அது அவர் மனசு. அங்கே சாப்பாட்டுக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை என்பதால்தான் அந்த மனசுக்கு ஓர் அர்த்தம் வருகிறது. ஆனால் சாப்பாட்டுக்கு டோக்கன் போட்டு விற்கும் ஹோட்டல்காரர், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சமையல்காரரிடம் மட்டும் “அன்னதான மனசோட சமைப்பா, அப்பத்தான் ருசி வரும்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் என்சிஏஏ-வுக்கு எதிராக 9-0 என்று தீர்ப்பளித்தது. அதில் தனியாகக் கருத்து எழுதிய நீதிபதி கவனாவும் சமையல்காரர்களைத்தான் உதாரணம் காட்டினார். குறைந்த சம்பளக்காரர் சமைத்ததைச் சாப்பிடத்தான் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கிறது என்று சொல்லி ஒரு ஊரின் உணவகங்கள் எல்லாம் கூடிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். டைனிங் ஹாலில் கை சுட்டவனுக்கு அது இன்னும் நன்றாகவே புரிந்தது.

இந்தத் தூய்மைக்கு ஒரு பரம்பரையும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி 1879-இல் வகுத்த விதிப்படி, கைத்தொழில் செய்பவரும் கூலி வேலை பார்ப்பவரும் அமெச்சூர் ஆக முடியாது. பிரியத்துக்காக விளையாடுவது, பிழைப்புக்கு உழைக்கத் தேவையில்லாதவர்களின் சொத்தாக இருந்தது. ஜிம் தோர்ப் கதை இதன் அமெரிக்க அத்தியாயம். பூர்வகுடி மாணவர். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன்பு 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியது தெரியவந்ததும் 1913-இல் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். அந்நாளில் கோடையில் காசுக்கு ஆடிய கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். மாட்டிக்கொண்டார். அவரை மீண்டும் வெற்றியாளராக ஏற்க 1982 ஆனது. 2022-இல்தான் ஒரே வெற்றியாளர் என்று பதிவானது. அவர் இறந்ததோ 1953-இல்.

ஆக, முகத்தை விற்கும் உரிமை வீரருக்கு உண்டா என்ற கேள்வியில் எனக்குக் குழப்பம் இல்லை. சந்தையின் நடுவில் எல்லோரும் விற்கும்போது ஒருவரை மட்டும் தூய்மையாக இருக்கச் சொல்வது அறமாகாது.

*

கலிஃபோர்னியா 2019-இல் முதலில் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021 ஜூலை 1 அன்று என்சிஏஏ கதவைத் திறந்தது. பெயர், உருவம், சாயல் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து என்ஐஎல் என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நல்லது நடந்தது. குறிப்பாகப் பெண்களுக்கு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒலிவியா டன், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் போன்றவர்கள் கல்லூரியில் இருக்கும்போதே பெரிய விளம்பரங்களில் வந்தார்கள். கிளார்க் 2024-இல் தொழில்முறைக் கூடைப்பந்துக்குப் போனபோது முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர்தான். பெண்ணின் ஆட்டத்துக்கு விலை குறைவாக வைக்கும் உலகத்தில், பேரும் முகமும் கைகொடுத்தன. நம்ம ஊரில் கேட்பார்களே, “பேரு சோறு போடுமா?” போட ஆரம்பித்துவிட்டது.

ஆனால் யாருக்குப் போட்டது? ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன் என்று ஐந்து பேர் உண்டு. பெரும்பாலும் 300 பவுண்டு அளவில் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை எதிரணி தொடாமல் காப்பதுதான் வேலை. ஆட்டம் முழுக்க முட்டி மோதுகிறவர்கள் இவர்கள்தான். டிவியில் முகம் தெரியாது. குவார்ட்டர்பேக்கின் முகத்துக்கு விலை கிடைக்கிறது. அந்த முகம் உடையாமல் காப்பவரின் உழைப்புக்குத் தனியாக எதுவும் இல்லை. சந்தை அப்படித்தான் என்று சொல்லலாம். நான் சொல்வதும் அதுதான். சந்தை விலை வைத்தது முகத்துக்கு. உடம்பு செய்த வேலையைப் பற்றி அது பேசவே இல்லை.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு விசா விதி. நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தவன். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். வெளியே அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் விசாவே போய்விடும். அங்கே படித்த நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பயம் மனப்பாடம். பெர்டியூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி, ஏழடி நான்கு அங்குல உயரம், 2023-லும் 2024-லும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். கனடாக்காரர். அவரிடமும் அதே எஃப்-1. கூட ஆடியவர்கள் விளம்பரங்களில் நடித்தபோது அவரால் பெரும்பாலானவற்றைத் தொட முடியவில்லை. காங்கோவிலிருந்து வந்து கென்டக்கிக்கு ஆடிய ஆஸ்கர் ஷீப்வே 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். அமெரிக்க மண்ணில் செய்தால் அது வேலை ஆகிவிடும் என்பதுதான் காரணம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு கடையின் முன் பந்தைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குப் பத்து நிமிடம் நின்றால் சட்டத்தின் கண்ணில் அது வேலை. அதே பந்தோடு அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன்னால், கோடிக்கணக்கான டாலர் ஒளிபரப்பில், இரண்டு மணி நேரம் ஓடினால் அது வேலை இல்லை. படிப்பின் ஒரு பகுதி! என்சிஏஏ-விலும் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று பயிற்சிக்கு ஒரு வரம்பு உண்டு. ஆட்ட நாள் முழுவதற்கும் கணக்கு மூன்று மணி நேரம்தான். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் சங்கம் அமைக்கக் கேட்டபோது விசாரித்த தொழிலாளர் வாரிய அதிகாரி, சீசனில் அவர்கள் வாரம் 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்குச் செலவிடுவதாகக் கண்டார். அடுத்த ஆண்டு மேல்வாரியம், இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. எனக்கும் 20, அவர்களுக்கும் 20. என் 20-க்கு வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் இருந்தன.

*

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? இதன் ஆரம்பத்தில் ஒரு சாவு இருக்கிறது.

1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தரும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957-இல் தீர்ப்பு வந்தது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, டெனிசன் அதன் பணியாளர் இல்லை, இழப்பீடும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் ‘மாணவ-வீரர்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! 1951 முதல் 1987 வரை என்சிஏஏ-வை நடத்திய வால்டர் பையர்ஸ், ஓய்வுக்குப் பின் 1995-இல் எழுதிய புத்தகத்தில் அந்தச் சொல் ஏன் பிறந்தது என்று ஒப்புக்கொண்டார். வீரர்களைப் பணியாளர்கள் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிடுமோ என்ற பயத்தில், அதைத் தடுக்கவே திட்டமிட்டு உருவாக்கிப் பரப்பினார்களாம். 1974-இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப் மைதானத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பணியாளர் இழப்பீடு கேட்டு அவர் நடத்திய போராட்டம் 2000-இல் அதே பதிலோடு முடிந்தது. அவர் மாணவர்.

நானும் மாணவன்தான். தட்டு கழுவிய மாணவன். லைப்ரரியில் புத்தகம் அடுக்கியவளும் மாணவி. மைதானத்து வாசலில் டிக்கெட் கிழித்தவனும் மாணவன். எங்கள் யாருக்கும், மாணவராக இருப்பதும் பணியாளராக இருப்பதும் முட்டிக்கொள்ளவில்லை. டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் சங்கம் வேண்டும் என்று 13-2 என வாக்களித்தது. அந்த அணியிலேயே ஒருவர் வளாக உணவுக்கூடத்திலும் வேலை பார்த்தவர். அதே உடம்பு. தட்டு எடுத்தால் தொழிலாளி, பந்து எடுத்தால் இல்லை. அந்த ஆண்டின் கடைசி நாளில், சூழல் சாதகமாக இல்லை என்று சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் 2021-இன் வெற்றி எனக்குப் பாதியாகத் தெரிகிறது. ‘நீ மாணவன், உனக்குக் காசு இல்லை’ என்பதிலிருந்து ‘நீ ஒரு பிராண்ட், போய்ச் சம்பாதித்துக்கொள்’ என்பதற்கு ஒரே தாவலில் போய்விட்டார்கள். நடுவில் ஒரு படி இருந்தது. ‘நீ தொழிலாளி.’ அதில் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

அடுத்து வந்ததும் இதே ரகம்தான். ஓபேனன் வழக்கில் ஈஏ நிறுவனமும் உரிம நிறுவனமும் 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. கல்லூரி ஃபுட்பால் கேம் நின்றுபோனது. 2024-இல் திரும்பி வந்தது. இம்முறை உண்மையான பெயர்களோடு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் சம்மதித்தார்கள். தலைக்கு 600 டாலர், கேமில் ஒரு பிரதி. காலியாக இருந்த பெயர்ப் பகுதி நிரம்பிவிட்டது. ஓபேனனுக்கு அது நியாயமான பதில், சந்தேகமில்லை.

2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர். இனிப் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2.05 கோடி டாலர் உச்சவரம்பு. பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஒப்பந்தங்களில் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். சம்பளம் என்று இருக்காது. உங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்கான கட்டணம். கூடவே, இதனால் நீங்கள் பணியாளர் ஆகிவிட மாட்டீர்கள் என்ற வாசகம். 1950-களில் ஒரு சொல் செய்த வேலையை இப்போது மூன்று சொற்கள் செய்கின்றன. இழப்பீட்டு வழக்கில் நின்றிருந்த ஒரு விதவைக்குச் சொன்ன பதில் இன்றுவரை மாறவில்லை. அதன் மேல் போர்த்திய துணிதான் விலை உயர்ந்திருக்கிறது.

*

பணியாளர் என்று ஆக்கினால் வரும் சிக்கல்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. பணியாளரை வேலையைவிட்டுத் தூக்கலாம். பதினெட்டு வயதுப் பையன் ஒரு மோசமான சீசனுக்காக வேலையும் படிப்பும் இழக்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறையின் செலவு வரவைவிட அதிகம். ஃபுட்பாலும் கூடைப்பந்தும் ஈட்டும் பணத்தில்தான் நீச்சலும் மல்யுத்தமும் ஓட்டமும் நடக்கின்றன. என்சிஏஏ-வில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆடுவதை யாரும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் முதலில் மூடப்படுவது அந்தச் சின்ன அணிகள்தான் என்ற பயம் உண்மையானது.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2024 ஜூலையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜான்சன் வழக்கில், கல்லூரி வீரர்கள் சிலர் பணியாளராக இருக்கலாம், ஒவ்வொரு சூழலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றது. அந்த வழி நியாயமாகப் படுகிறது. யாருடைய கட்டுப்பாட்டில், யாருடைய லாபத்துக்காக, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஒரு லட்சம் பேர் முன்னால் ஆடுகிறவருக்கும் நாற்பது பேர் முன்னால் நீந்துகிறவருக்கும் பதில் வேறாக இருக்கட்டும். கேட்காமலே எல்லோருக்கும் ‘இல்லை’ என்று எழுதிவைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதோடு, சம்பளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முகத்தை விற்கும் உரிமை, முகம் இருக்கும் வரைக்கும்தான். அடிபட்டு வெளியே போனவரின் விளம்பரத்தை யாரும் புதுப்பிப்பதில்லை. உழைப்பின் உரிமை அப்படியல்ல. அது விழுந்த பிறகும் கூட வரும். என்சிஏஏ 2024 ஆகஸ்டிலிருந்து, ஆட்டத்தில் வந்த காயங்களுக்கு வெளியேறிய பின்னும் இரண்டு ஆண்டுகள் வரை மருத்துவச் செலவு தரும் காப்பீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. முன்பு இருந்ததைவிட நல்லது. ஆனால் முட்டியும் மூளையும் இரண்டு ஆண்டுக் கணக்கு வைத்துக்கொண்டு வலிப்பதில்லை. மேலும், அது அவர்களாகப் பார்த்துத் தருவது. எனக்கு டைனிங் ஹாலில் கிடைத்தது யாருடைய கருணையும் அல்ல. சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தாலும் அந்தப் படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதற்குள் ஃபோனில் அம்மாவிடம் உளறிவிட்டேன். “படிக்கப் போன எடத்துல உனக்கு எதுக்குப்பா இந்த வேல?” என்று அழுதார்கள். நான் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் காசை அவங்களே கட்டிட்டாங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப வேலைக்காரனாத்தான் எழுதியிருக்காங்களா உன்ன?” என்று கேட்டார்கள். குரலில் வருத்தம். பொறியியல் படித்த பிள்ளை.

ஆமாம்மா என்றேன். அப்போது எனக்கும் லேசாக வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அந்தக் காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த அந்த ஒரு சொல்லைத்தான், ரே டெனிசனின் மனைவி நீதிமன்றம் வரை போய்க் கேட்டார்.